வாசலில் கிடந்த அட்டை

29 ஒக்டோபர்

இந்தக் கொப்பி ஆரபியின் அறையில் இருந்தது. ஒரு பக்கமும் எழுதவில்லை, விலைத்துண்டுகூட உரிக்கவில்லை. எறிய மனம் வரவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை இருக்கும். அவள் இருந்தால் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுச் சிரித்திருப்பாள்.

மகள் போய் இன்றோடு பதினைந்து நாள். இருபத்தாறு வயது. சைக்கிளில் நேரே போனவளை வலப்பக்கம் திரும்பிய லொறி அடித்தது. சாரதி அவளைக் காணவில்லையாம்.

உடுப்புத் தோய்த்தேன். சமைக்கவில்லை.

30 ஒக்டோபர்

அண்ணர் போன் எடுத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு, வருகிற சனத்துக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும், படம் தரச் சொன்னார்.

"சீலை கட்டின படமாப் பார்த்துத் தா தங்கச்சி. முடி வெட்டின படம் வேண்டாம், சனம் பார்க்கும்."

"ரெண்டு வருசமா முடி வெட்டித்தானே அண்ணை இருந்தவள்."

"அப்ப அதுக்கு முந்தின படத்தைத் தா."

எழுதியதை வாசித்துக் காட்டினார். காலஞ்சென்ற இன்னாரின் பாசமிகு மகள், இன்னாரின் பெறாமகள், இன்னாரின் மச்சாள். உறவு எல்லாம் இருந்தது. ஒரு பெயர் இல்லை. நானும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

செத்தவீட்டன்று அந்தப் பெயருக்குரிய பெடியன் மண்டபத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றான். மழை தூறியது. உள்ளே வரவில்லை. வராதே என்று யாரும் சொன்னதாக எனக்குத் தெரியாது. அண்ணர் வாசலில் நின்றார், அவ்வளவுதான்.

31 ஒக்டோபர்

மார்பேர்க்கில் ஆரபி படிக்க என்று இருந்த அறையின் கதவுத் திறப்பை இன்று தபாலில் அனுப்பினேன். போன கிழமையே போய் அறையை ஒதுக்கித் துப்புரவாக்கிக் கொடுத்துவிட்டேன். நான் இங்கே ஜெர்மனியில் இருபத்திரண்டு வருசமாகத் துப்புரவு வேலை செய்கிறவள். ஒரு முதியோர் இல்லத்தில் மூன்றாம் மாடி என் பொறுப்பு. அங்கே ஒருவர் இறந்தால் பின்னேரத்துக்குள் அறை வெறிதாக வேண்டும். அதே கைதான் ஆரபியின் அறையிலும் வேலை செய்தது. இரண்டு மணித்தியாலம். யன்னல் கண்ணாடிகூடத் துடைத்தேன். அறைக்குப் பொறுப்பான மனிசி வந்து பார்த்து, இவ்வளவு சுத்தமாக ஒருவரும் திருப்பித் தந்ததில்லை என்றாள்.

தரை முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகள் பரப்பிக் கிடந்தன. எல்லாவற்றையும் பொறுக்கி, விளிம்பு தட்டி நேராக்கி, ரப்பர் பட்டி போட்டு ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்தேன். அது அவளுடைய படிப்பு என்று தெரியும். பத்திரமாகக் கொண்டுபோய் அவளுடைய பேராசிரியையிடம் கொடுத்தேன்.

ஒரு அட்டையை மட்டும் கொடுக்கவில்லை. அது தமிழில் இருந்தது. என் கைப்பையில் இருக்கிறது.

2 நவம்பர்

நித்திரை இல்லை.

5 நவம்பர்

பேராசிரியை ஹெல்பிக் போன் எடுத்தார். மெதுவாக, எனக்கு விளங்குகிற ஜெர்மனில் கதைத்தார்.

ஆரபி படித்தது இதுதான்: ஐரோப்பாவிலே மதில் கட்டின ஊர்களை ஒவ்வொரு பாஷையிலும் என்னென்ன சொல்லால் கூப்பிடுகிறார்கள், அந்தச் சொற்கள் எங்கேயிருந்து வந்தன என்பது. ஒரு அட்டைக்கு ஒரு சொல். மொத்தம் தொண்ணூற்றைந்து என்று அவருக்கு எழுதியிருக்கிறாளாம். என்னிடமிருந்து வந்தது தொண்ணூற்று நாலு.

அது பரவாயில்லை என்றார். அவருக்கு வேண்டியது வேறு. அட்டைகளில் எண் இல்லை. எண் போட்டால் சொற்கள் அசையாமல் நின்றுவிடும் என்பாளாம் ஆரபி. கதவடியில் தொடங்கிச் சுவரோரமாகச் சுற்றிவந்து திரும்பக் கதவடியில் முடிகிற மாதிரித் தரையில் வரிசையாக அடுக்கியிருந்தாள். எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் என்பதுதான் அவள் கண்டுபிடித்தது. அந்த வரிசைதான் கட்டுரை. அவளுடைய கொம்பியூட்டர் சைக்கிள் பையில் இருந்தது. லொறிச் சில்லு ஏறிவிட்டது.

"நீங்கள் எந்த ஒழுங்கில் எடுத்தீர்கள் என்று நினைவிருக்கிறதா?"

இல்லை என்றேன்.

நவம்பர் முப்பதுக்குள் வரிசை தெரிந்தால் இந்த வருசத் தொகுப்பில் ஆரபியின் பெயரில் அச்சாகும். தெரியாவிட்டால் பெட்டி அலுமாரிக்குப் போகும்.

போனை வைத்துவிட்டுக் குசினித் தரையைத் துடைத்தேன். துடைத்த தரையைத் திரும்பவும் துடைத்தேன். என் பிள்ளை எழுதிவைத்ததை நான் கூட்டி அள்ளிவிட்டேன்.

6 நவம்பர்

சுகவீன லீவு முடிந்தது. வேலைக்குப் போனேன். பதினெட்டு அறை. ரஞ்சியக்கா என்னோடு வேலை செய்கிறவ, ஊரில் பக்கத்துக் கிராமம். வாளியைத் தூக்க விடாமல் தானே தூக்கினா. அட்டைக் கதையைச் சொன்னேன்.

"நாங்கள் ஊரில ஆமி கோட்டையில இருந்து அடிச்ச ஷெல்லுக்குத் தப்பி ஓடி வந்த சனம். உன்ரை மகள் இஞ்ச வந்து கோட்டைக்குப் பேர் தேடியிருக்கிறாள்" என்றா. பிறகு தானே வாயைப் பொத்தினா. எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு முதல் தரம்.

"அட்டையைப் போய் வாங்கியா. தெரியுதோ இல்லையோ, அடுக்கிப் பார்" என்றா.

9 நவம்பர்

பெட்டி திரும்ப வந்துவிட்டது. பேராசிரியை தன்னிடம் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு மூல அட்டைகளை அனுப்பியிருக்கிறார். ஆரபியின் சின்ன எழுத்து. அகராதியும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு இருந்தேன். மத்தியானத்துக்குள் பதினொரு அட்டை.

'பேர்க்' எனக்குத் தெரிந்த சொல். நான் இருப்பது டூய்ஸ்பேர்க், அவள் இருந்தது மார்பேர்க். பேர்க் என்றால் கோட்டை. முப்பது வருசமாகச் சொல்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. ஐஸ்லாந்தில் அதே சொல்லுக்குப் பட்டினம் என்று பொருளாம். இத்தாலியில் சின்ன ஊராம். கீழே, 'பேர்கன்' என்ற வினைச்சொல்லும் இதற்கு இனம், ஆபத்தில்லாத இடத்தில் எடுத்து வைத்தல், என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

அந்தச் சொல்லை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பின்னேரம் எழும்பிப்போய் பொலிஸ் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் இருக்கிறது. லொறிக்குக் கீழேயிருந்து அவளை வெளியே எடுத்ததற்கு அந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு அவ்வளவும் போதும்.

11 நவம்பர்

இன்று பத்தொன்பது அட்டை.

'சவுன்' என்றால் ஜெர்மனில் வேலி. அதே சொல் ஒல்லாந்தரிடம் போய்த் தோட்டம் ஆகிறது. இங்கிலீசில் டவுன், நகரம். அயர்லாந்தில் அதற்கு இனமான ஒரு சொல் கோட்டை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நாலு தேசத்தில் நாலு மாதிரி இருக்கிற கதைதான்.

செக் பாஷையில் 'ஹ்ராட்' கோட்டை. அதே பாஷையில் 'சஹ்ரடா' தோட்டம். ரஷ்யாவில் அந்தச் சொல்லின் இனம் நகரம், போலந்தில் தோட்டம். ஹங்கேரியில் 'வார்' கோட்டை, 'வாரொஷ்' நகரம். பின்லாந்தில் 'லின்னா' கோட்டை, பக்கத்து எஸ்தோனியாவில் 'லின்' பட்டினம்.

படித்தவர்களுக்கு இது எப்படியோ தெரியாது. எனக்கு இது புதினமாக இல்லை. முதலில் வேலி. வேலி போட்டால் உள்ளே தோட்டம். தோட்டம் இருந்தால் வீடு. நாலு வீடு சேர்ந்தால் ஊர். ஊருக்குப் பயம் வந்தால் மதில். எங்கள் ஊரில் வேலி இல்லாத வளவை நான் கண்டதில்லை.

13 நவம்பர்

அந்தியேட்டி. ஐயர் டோர்ட்முண்டிலிருந்து வந்தார். எழுபது சனம். அண்ணர் கல்வெட்டைக் கையில் கையில் கொடுத்தார். முன்பக்கத்தில் ஆரபி பதினேழு வயதில் நீலச் சீலையோடு சிரிக்கிறாள். அந்தச் சீலை வேண்டாம் என்று அவள் அழுதது எனக்குத்தான் தெரியும்.

சாப்பாடு மிஞ்சவில்லை. கடதாசிக் குவளைதான் ஒரு பை மிஞ்சியது.

16 நவம்பர்

குசினியிலும் முன்னறையிலும் அடுக்கி முடித்தேன். கதவடியில் வேலிச் சொற்கள், பிறகு தோட்டம், முற்றம், ஊர், கடைசியில் கோட்டை. தொண்ணூற்று நாலும். கால் வைக்க இடமில்லை. நாளைக்கு மார்பேர்க் போகிறேன்.

17 நவம்பர்

பேராசிரியை மேசைகளை ஒன்றாய் இழுத்துப் போட்டு, நான் சொல்லச் சொல்ல அடுக்கினார். நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிசி அழுகிறாவோ என்று நினைத்தேன்.

"இது நல்ல ஒழுங்கு. படிக்காதவர் செய்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இது உங்களுடையது. ஆரபி வேறு எதையோ சொல்ல வந்தாள். கோட்டைக்குப் பிறகும் ஏதோ இருக்கிறது என்று எனக்கு எழுதியிருந்தாள்."

அவள் அடுக்கி வைத்ததைக் கண்ட வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

திரும்பி வருகிற ரயிலில் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒரு ஆண் குரல் ஊர்ப்பெயரைச் சொன்னது. அந்தப் பெடியனுக்கும் ரயில் ஓட்டுகிற வேலைதான். அவனுடைய குரலாக இருக்குமோ என்று ஒவ்வொரு தரமும் காதைக் கொடுத்தேன். நான் அவனுடைய குரலைக் கேட்டதே இல்லை.

19 நவம்பர்

ரஞ்சியக்காவுக்கு வாய் சும்மா இராது.

"உன்ரை மகளோடை இருந்த பெடியன் கண்டிருப்பான்தானே. அவனிட்டைக் கேளன்."

"எந்தப் பெடியன்?"

"ஏன் மலர், எனக்கே நடிக்கிறாய்? சுகிர்தன். முழு டூய்ஸ்பேர்க்குக்கும் தெரியும்."

நாலாம் அறைக் குளியல் தொட்டியைத் தேய்த்தேன். கதவில் சாய்ந்து நின்று அவ சொன்னா: "பதினாலு மாசம் பெத்த பிள்ளையோடை கதைக்காமல் இருந்தாய். இனி ஆரோடை கோவம் உனக்கு? சொல்லு, ஆர் மிச்சம்?"

அவவோடும் இரண்டு நாள் கதைக்கக்கூடாது என்று நினைத்தேன்.

20 நவம்பர்

எழுதிவிடுகிறேன். இது யாரும் பார்க்கப்போகிற கொப்பி இல்லை.

ஆரபி அவனைப் பற்றி முதலில் சொன்னபோது எனக்குச் சந்தோசம்தான். தமிழ்ப் பெடியன், வேலை இருக்கிறது, குடியில்லை. அண்ணர் ஊருக்குப் போன் போட்டு விசாரித்தார். ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், தகப்பன் யார், அப்பப்பா யார். அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தார்.

"உலகத்திலை எத்தினை கோடி சனம் தங்கச்சி. உன்ரை மகளுக்கு ஆப்பிட்டது எங்கடை வளவுக்கு வேலி அடைச்ச சின்னான்ரை பேரன்."

நான் ஆரபிக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள். பகிடி என்று நினைத்தாள். பிறகு சிரிக்கவில்லை. அவனோடு இருக்கிறதென்றால் இந்த வீட்டுப் படி ஏறவேண்டாம் என்றேன். அவள் ஏறவில்லை.

நான் கெட்ட மனிசி இல்லை. என் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதைத்தான் சொன்னேன்.

22 நவம்பர்

அண்ணருக்குப் போன் எடுத்து, அந்தப் பெடியனிடம் அட்டைகளைப் பற்றிக் கேட்கலாமா என்றேன்.

"விசரே உனக்கு? அவள் போயிட்டாள். அதோடை அந்த உறவு முடிஞ்சுது. அட்டையாம் மட்டையாம். அவன்ரை கால் உன்ரை வீட்டிலை படக்கூடாது, சொல்லிப்போட்டன்."

அவளுக்குத் தாலி கட்டுவதாக இருந்தால் இவர் சொல்வது சரி. இது அவள் எழுதின ஒரே கட்டுரை.

23 நவம்பர்

மழை. ஒன்றும் செய்யவில்லை. அட்டைகளைத் தூசி தட்டினேன்.

26 நவம்பர்

அவனுக்கு எடுத்தேன். இலக்கத்தை ரஞ்சியக்காதான் தேடித் தந்தா.

"நான் ஆரபியின்ரை அம்மா" என்றேன். அந்தப் பக்கம் ரயில் ஸ்ரேசன் இரைச்சல் கேட்டது.

"சொல்லுங்கோ அன்ரி."

அட்டை வரிசை என்றேன்.

"என்னட்டை வீடியோ இருக்கு அன்ரி. அடுக்கி முடிச்ச அண்டைக்கு எடுத்து அனுப்பினவள். நான் வெள்ளிக்கிழமை ஓய்வு. எங்கை வர?"

எங்கே என்று கேட்கிறான். ஒரு கோப்பிக் கடையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். தொண்ணூற்று நாலு அட்டையைக் கடையில் எப்படி விரிக்கிறது?

"வீட்டை வாரும்" என்றேன். 'வா' என்றுதான் முதலில் வந்தது. மாற்றிவிட்டேன்.

29 நவம்பர்

பத்து மணிக்கு வந்தான். கிட்டப் பார்க்க, ஆரபி சொன்னதைவிடக் கறுப்பு, உயரம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெளியே விறாந்தையிலேயே நின்றான். "உள்ளுக்கு வாரும்" என்ற பிறகுதான் வந்தான். சோபாவில் இருக்கவில்லை. நேரே தரையில் முழங்காலிட்டு அட்டைகளை எடுத்தான். அவளுடைய எழுத்தைக் கண்டதும் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தான். நான் குசினிக்குப் போனேன்.

தேத்தண்ணி போட்டேன். அவனுக்குக் கடதாசிக் குவளையில் ஊற்றினேன், எனக்கு என் கோப்பையில். கழுவுகிற வேலை மிச்சம் என்று நினைத்திருப்பேன். அவன் இரண்டையும் பார்த்தான். பிறகு குடித்தான்.

வீடியோவை நிறுத்தி நிறுத்தி அடுக்கினான். கதைக்காமல் இருக்க முடியாதென்றோ என்னவோ, சொல்லிக்கொண்டே அடுக்கினான்.

"நான் ரயிலிலை ஒவ்வொரு ஊர்ப்பேரும் வாசிக்கவேணும் அன்ரி. பின்னேரம் வந்து இண்டைக்கு என்ன ஊர் எண்டு கேப்பாள். சொன்னா, அது வேலி, இது மதில், இது மலை எண்டு பிரிச்சுப் போடுவாள். எனக்கு அலுத்துப்போய், ஒருநாள், இது வெறும் ஸ்ரேசன் பிள்ளை, ரெண்டு நிமிசம்தான் நிக்கும் எண்டன்."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஆரபியின் வரிசை என்னுடையதற்கு நேர்மாறு. எங்களிடம் இருந்த அட்டைகளில் முதலில் வந்தது கோட்டைகள். பெரிய மதில், அகழி, அரசன். பிறகு அந்தச் சொற்களின் உள்ளே போகப் போக ஊர், முற்றம், தோட்டம், கடைசியில் வேலி. அதோடும் நிற்கவில்லை. கோட்டைச் சுவர்கள் இடிந்த பிறகும் சொல் மட்டும் மிஞ்சி, ஒருவரையும் மறிக்காமல் வெறும் ஊர்ப்பெயராக நிற்கிற இடங்களை ஒரு வரிசையாய் வைத்திருந்தாள். அதுதான் முடிவு. பேராசிரியை சொன்ன 'கோட்டைக்குப் பிறகு'.

ஒன்றரை மணிக்குத் தொண்ணூற்று நாலும் முடிந்தது. கதவடியில் ஒரு அட்டைக்கு இடம் வெறிதாக இருந்தது.

"முதல் அட்டை இல்லை" என்றான். "கதவடியிலை கிடந்தது. நீங்கள் உள்ளுக்கு வரேக்கை காலிலை பட்டிருக்கும்."

தெரியாது என்று சொல்லலாம் என்று நினைத்தேன். பேராசிரியையிடமும் மறைத்தேன்தானே.

அவன் வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டான். சத்தத்தோடு.

தரை தெரிகிறது. அவளுடைய கால், ஒரு கறுப்புக் காலுறை, பெருவிரலில் ஓட்டை. பிறகு அவளுடைய குரல். "இதிலை இருந்துதான் தொடங்குது. ஆனா இந்த முதல் அட்டை இன்னும் எழுதி முடியேல்லை. இது அம்மாவின்ரை. அம்மா போன் எடுக்கட்டும்."

பதினாலு மாதத்துக்குப் பிறகு என் பிள்ளையின் குரல். கோபமே இல்லை. கடைக்குப் போகும்போது என்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

நான் கைப்பையை எடுத்து அட்டையை அவனிடம் கொடுத்தேன். அதில் இருக்கிறது இவ்வளவுதான்: "வேலி. எப்படிக் கட்டுவது? அம்மாவைக் கேட்க வேண்டும்."

"பதினோராந் திகதி உங்களுக்கு எடுத்தவள் அன்ரி. மூண்டு தரம்."

"வேலையிலை நிண்டனான்" என்றேன்.

பொலிசுக்கும் அதைத்தான் சொன்னேன். வேலையில் நின்றது உண்மை. போன் கையில் இருந்ததும் உண்மை. பெயர் தெரிந்தது. திரையைக் கீழே கவிழ்த்து அழுக்குத் துணி வண்டியில் வைத்தேன். அவன் வேண்டாம் என்று சொல்லத்தான் எடுக்கிறாள், இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து லொறி.

அவன் பேனை எடுத்தான். "இப்ப சொல்லுங்கோ. நான் ஜெர்மனிலை எழுதி பேராசிரியைக்கு அனுப்புறன். அவள் கேட்டதுக்கு மறுமொழி இருக்கட்டும்."

நான் சொன்னேன். வேலிக்காலாய்ப் பூவரசங் கதிகால் நடுவது, குறுக்கே வரிச்சுத் தடி கட்டுவது, பின்னின தென்னோலைக் கிடுகை நிரை நிரையாய் வைப்பது, மாரிமழைக்கு முந்தி அடைப்பது. அவன் எழுதினான். என் வாய் ஓரிடத்தில் நின்றுவிட்டது. யார் கட்டினது என்று வருகிற இடம்.

"அவ்வளவுதானோ அன்ரி?"

"அவ்வளவுதான்."

அவன் பேனையை மூடினான். சப்பாத்துப் போடும்போது குனிந்தபடி சொன்னான்: "அப்பப்பா சொல்லுறவர், உங்கடை வளவிலை ஆள் பூந்து போய்வாற பொட்டு வடக்கு வேலியிலையாம்."

எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறான். தெரிந்துதான் அந்தக் குவளையில் குடித்தான்.

இன்னுமொரு தேத்தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்குள் லிப்ட் வந்துவிட்டது.

30 நவம்பர்

பேராசிரியைக்குப் போய்ச் சேர்ந்ததாம். சுகிர்தன் ஒரு வரி அனுப்பியிருக்கிறான். அச்சாகும். ஆரபியின் பெயரில்.

சந்தோசம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

1 டிசம்பர்

அவன் குடித்த கடதாசிக் குவளை குசினியில் அப்படியே இருந்தது. நேற்று இரவு எறியப் போனேன், கை வரவில்லை. கழுவி என் கோப்பைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் அடி கரைந்து பிரிந்திருந்தது.

சுகிர்தனுக்கு எடுத்தேன். மூன்று தரம் எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. ரயில் ஓட்டிக்கொண்டிருப்பான்.

4 டிசம்பர்

இன்றும் எடுக்கவில்லை.

8 டிசம்பர்

வேலை. பதினெட்டு அறை. பன்னிரண்டாம் அறைக் கிழவி இறந்துவிட்டா. அவவின் மேசையில் சீட்டுக்கட்டு ஒன்று பாதி விளையாட்டில் விரித்தபடி கிடந்தது. நான் தொடவில்லை. மேற்பார்வைக்காரி வந்து, ஏன் இன்னும் அறை ஒதுக்கவில்லை என்று ஏசினாள். பிள்ளைகள் வந்து பார்க்கட்டும் என்றேன். அவவுக்குப் பிள்ளைகள் இல்லை என்றாள். ரஞ்சியக்காதான் வந்து அள்ளினா.

14 டிசம்பர்

இரண்டு மாதம்.

அவன் எடுக்கப்போவதில்லை. கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. முதல் அட்டையில் நான் சொன்ன கிடுகும் கதிகாலும் மட்டும் இருக்கிறது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். வேறு இடம் இல்லை.

ஆரபி, வேலி இப்படித்தான் கட்டுவது.

ஒரு ஆளால் கட்ட முடியாது. இரண்டு பேர் வேண்டும், ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. குத்தூசி என்று ஒரு நீட்டுத் தடி. அதன் காதில் கயிறு. வெளியே நிற்கிறவர் கிடுகுக்குள்ளால் குத்துவார். உள்ளே இருக்கிறவர் கயிற்றை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திரும்பக் குத்திக் கொடுக்க வேண்டும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. கயிறு இழுபடுவதில்தான் மற்றவர் நிற்கிறார் என்று தெரியும்.

எனக்கு ஒன்பது வயது. உள்ளே இருந்தது நான். வெளியே நின்றவர் சின்னத்தம்பி. அதுதான் அவருடைய முழுப் பெயர். அப்பாவைவிட மூத்தவர். அப்பா சின்னான் என்றார், நானும் சின்னான் என்றேன். இழு, விடு, கெதியாய்க் குத்து என்று அவரை நான் ஏவினேன். "ஓம் பிள்ளை நாச்சியார்" என்பார். என் விரலில் குத்தூசி படாமல் ஒவ்வொரு தரமும் முதலில் மெதுவாகத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் குத்துவார்.

வேலி முடிகிற இடத்தில் அம்மாவிடம் கேட்பார், பொட்டு எவ்விடத்தில் விட என்று. பக்கத்து வளவுப் பெண்டுகள் தெரு ஒழுங்கையால் சுற்றி வராமல் கதைக்க வந்துபோகிற ஓட்டை அது. அம்மா வடக்குப் பக்கத்தைக் காட்டுவா. ஒரு ஆள் குனிந்து வருகிற அளவுக்கு அளந்து, ஓலை கையைக் கிழிக்காமல் விளிம்பை மடித்துக் கட்டி விடுவார்.

வேலை முடிய அம்மா சிரட்டையில் தேத்தண்ணி கொடுப்பா. குடித்துவிட்டு, தான் விட்ட பொட்டைத் தாண்டி, வேலியைச் சுற்றி, ஒழுங்கையால் போவார். அந்தப் பொட்டுக்குள்ளால் அவர் ஒருநாளும் வந்ததில்லை.

இதைத்தான் கேட்டிருப்பாய். மூன்று தரம் கேட்டாய். நான் உள்ளேதான் இருந்தேன் பிள்ளை. கயிறு இழுபட்டது எனக்குத் தெரிந்தது.